பிள்ளையின் பரிசோதனைக்குத் தந்தையின் கூலியா விலை?

குன்றத்தூரில் குடியிருந்து ஒரகடத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் தோழர் ஒருவர் சென்ற வாரம் நமது காரியாலயத்துக்கு வந்தார். மூன்று வயது மகன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை. பேசிக் கொண்டிருந்த நாலு வார்த்தையும் நின்றுவிட்டது. "பையன்கள் தாமதமாகத்தான் பேசுவார்கள்" என்று ஒரு டாக்டர் அனுப்பிவிட்டார். "தாய் நடவுக்குப் போனால் பிள்ளை இப்படித்தான்" என்றனர் உறவினர். ஒரு வருஷம் வீணாயிற்று. பிறகு காது பரிசோதனைக்கு ஒரு நாள். மனநல நிபுணரைப் பார்க்க ஒரு நாள். அவர் லீவு, மறுபடி ஒரு நாள். மூன்று நாள் கூலியோடு அட்டெண்டன்ஸ் போனஸும் போயிற்று. முடிவு மட்டும் தெரியவில்லை.

இது ஒரு வீட்டுக் கதையல்ல.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு. தாயின் குற்றமல்ல, தெய்வக் குற்றமுமல்ல. 1950, 60-களில் மேல்நாட்டு மேதாவிகள் சிலரே தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று எழுதினர். விஞ்ஞானம் அதைப் பொய்யென்று தள்ளி வெகு காலமாகிறது. ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இது தெரியாது. பெற்றவரை விசாரித்து, பிள்ளையைக் கவனித்தே நிபுணர்கள் முடிவு செய்கிறார்கள். நம் நாட்டு அளவுகோலில் 40 அம்சங்கள் உண்டு. ஆகவே தாய் சொல்வதே முதல் சாட்சியம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்துக் கொண்டது. எல்லாக் குழந்தைகளையும் வருஷத்துக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும்; வருமான வரம்புக்கு உட்பட்டு, இருப்பிடத்துக்கு அருகிலேயே இலவச வைத்தியம் தர வேண்டும் என்கிறது 25-வது பிரிவு. 2013-ல் வந்த மத்திய சர்க்கார் திட்டப்படி அங்கன்வாடிக்கு வருஷத்தில் இருமுறை வைத்தியக் குழு வரவேண்டும்.

நடப்பதென்ன? சட்டம் டில்லியில், பிள்ளை குன்றத்தூரில், நிபுணரோ காஞ்சிபுரத்தில், எழும்பூரில், முட்டுக்காட்டில்! பணமுள்ளவன் தனியார் கிளினிக்குக்குப் போகிறான். தொழிலாளி பஸ்ஸுக்கும் டோக்கனுக்கும் காத்திருக்கிறான். அந்த மாதங்களோ பிள்ளையின் மூளை வேகமாக வளரும் மாதங்கள்.

சர்க்காரைக் கேட்கிறோம்: மாதம் ஒரு நாளாவது நிபுணர் குழு குன்றத்தூருக்கு வரட்டும். காது, பேச்சு, மனநலப் பரிசோதனைகள் ஒரே நாளில் முடியட்டும். அந்த நாளுக்கு ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சம்பளத்துடன் லீவு கிடைக்கட்டும். பல்லாயிரம் தொழிலாளர் உழைப்பில் கோடிகள் குவியும் இந்த வட்டாரத்தில் இது பெரிய கோரிக்கையா?

பெற்றோரே, அதுவரை கையைக் கட்டி நிற்க வேண்டாம். அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்லி, மாவட்ட மையத்துக்குச் சீட்டு வாங்குங்கள். பிள்ளை செய்வதையும் செய்யாததையும் தேதி போட்டு எழுதுங்கள். செல்போனில் படம் பிடியுங்கள். காது பரிசோதனையை முதலில் முடியுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்ற சர்ட்டிபிகேட் பல சலுகைகளுக்கு வேண்டும்தான். ஆனால் பயிற்சியை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

சங்கத் தோழர்களே! அந்தத் தோழர் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகக் கூடாது. உங்கள் தெரு அங்கன்வாடிக்கு வைத்தியக் குழு கடைசியாக எப்போது வந்தது என்று இந்த வாரமே விசாரியுங்கள். வரவில்லையென்றால், மனு எழுதுங்கள். கூட்டமாகப் போய்க் கொடுங்கள்.