ரவுட்டரை அப்டேட் செய்த மறுநாள்

இஷாத் தொழுகைக்குப் பிறகு வரும் இரண்டு மணி நேரம்தான் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் வீடுகளில் இணையத்துக்கு மிகக் கடுமையான வேலை. கத்தாரிலும் சவூதியிலும் இருப்பவர்கள் வேலை முடித்து அறைக்கு வந்து வீட்டுக்கு வீடியோ கோல் எடுப்பார்கள். மேல்மாடியில் பிள்ளை ஸூமில் டியூஷன் வகுப்பில் இருக்கும். இன்னொருவர் யூடியூப் பார்ப்பார். யாருடைய போனோ அன்றைய கல்யாணப் படங்களை கூகுள் போட்டோஸுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். இத்தனையும் ஒரே லைனில் முட்டிமோதாமல் போகவைப்பதற்கென்று ரவுட்டருக்குள் ஓர் அமைப்பு உண்டு. மெனுவில் ‘கியூஓஎஸ்’ அல்லது ‘பேண்ட்வித் கொன்ட்ரோல்’ என்று இருக்கும். ரவுட்டரின் உள் மென்பொருளான பேர்ம்வெயாரைப் புதுப்பிக்கும்போது சத்தமில்லாமல் அழிந்துபோகக்கூடியது இதுதான்.

அழிந்தது வீட்டாருக்குத் தெரியாது. ஸ்பீட் டெஸ்ட் பழைய வேகத்தையே காட்டும். ஆனால் கோலில் வாப்பாவின் முகம் உறைந்து நிற்கும், பேச்சு துண்டு துண்டாக வரும். லைன் போதவில்லை என்று நினைத்து வீட்டார் பெரிய பெக்கேஜுக்கு மாறுவார்கள். பெரும்பாலும் அது தேவையில்லாத செலவு. அதைத் தவிர்க்கும் வழியைத் தமிழில் சொல்லித்தருவது சேவை வழங்கும் நிறுவனங்களின் கடமை.

ஒரு குரல் அழைப்புக்கு நொடிக்கு சுமார் 100 கிலோபிட் போதும். அதற்கு வேகத்தைவிட நேரம் முக்கியம். பேசுபவர் வாயிலிருந்து கேட்பவர் காதுக்குப் போக 150 மில்லி நொடிக்கு மேல் ஆகாதிருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. இப்போது ஒரு கணக்கு. அப்லோட் வேகம் 2 எம்பிபிஎஸ் மட்டுமே உள்ள ஒரு லைனில், ரவுட்டர் 1 மெகாபைட் தரவை வரிசையில் தேக்கிவைத்தால், கடைசியில் நிற்பது வெளியேற 4 நொடி ஆகும். கல்யாணப் படங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட குரலின் கதி அதுதான். பெல் லேப்ஸில் இருந்த ஜிம் கெட்டிஸ் 2010இல் தன் சொந்த வீட்டிலேயே இந்தத் தேக்கத்தைக் கண்டுபிடித்து, ‘பஃபர்புளோட்’ என்ற பெயரில் உலகத்துக்கு அறிவித்தார். கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் ‘கோடெல்’ என்ற தீர்வைத் தந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த ‘எப்கியூ-கோடெல்’ 2018இல் இணையப் பொறியியலாளர்களின் ஆவணமாக வெளிவந்தது. மருந்து கண்டுபிடித்து இவ்வளவு காலமாகியும் அது நம் வீட்டு ரவுட்டரில் ஓடுகிறதா என்பது பலருக்குத் தெரியாது.

2022இல் எரிபொருள் நிலையங்களில் நாள்கணக்கில் நின்றவர்களுக்கு இந்த வரிசைத் தேக்கத்தை விளக்கத் தேவையில்லை. கியூஆர் அட்டை வந்து வண்டிக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்தபோது, நிறைய எரிபொருள் எடுப்பவருக்குப் பின்னால் ஒரு முச்சக்கர வண்டி முழு நாளும் காத்திருக்கும் நிலை மாறியது. கியூஓஎஸ் செய்வதும் அந்தப் பங்கீட்டைத்தான்.

அப்டேட்டில் இந்த அமைப்பு எப்படிக் கெடுகிறது? சில ரவுட்டர்கள் எல்லாவற்றையும் வாங்கியபோதிருந்த ஆலைநிலைக்குக் கொண்டுபோய்விடும். அதைவிடச் சிக்கலானது, அமைப்பு அப்படியே இருப்பதுபோல் தோன்றி வேலை செய்யாமலிருப்பது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் 2021இல் 19.07 பதிப்பிலிருந்து 21.02க்கு மாறியபோது, பல ரவுட்டர்களில் வெளி இணைப்பின் உட்பெயரே மாறிவிட்டது. பழைய செட்டிங்கை அப்படியே கொண்டுவந்தால் இல்லாத ஒரு கதவுக்குக் காவல் போட்டது போலாகும் என்பதால், அந்த ரவுட்டர்களில் எல்லாவற்றையும் புதிதாக அமைக்கச் சொன்னார்கள். இன்னொரு காரணம் ‘ஹார்ட்வெயார் அக்சலரேஷன்’. வேகத்துக்காகத் தரவுகளைக் குறுக்குப் பாதையில் அனுப்பும் இந்த வசதி, பல ரவுட்டர்களில் கியூஓஎஸ்ஸைத் தொடாமலே கடந்துபோய்விடும். அப்டேட்டுக்குப் பிறகு அது தானாகவே ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அலகும் ஏமாற்றும். சில ரவுட்டர்கள் வேகத்தை மெகாபிட்டில் கேட்கும், சில கிலோபிட்டில். 20 மெகாபிட் லைனுக்கு 20000 என்று போட வேண்டிய இடத்தில் 20 என்று போட்டால் முழு வீடும் முடங்கிவிடும்.

இதற்காக அப்டேட்டையே தவிர்ப்பது ஆபத்து. 2016 நவம்பரில் ஜெர்மனியில் டொய்ச்சே டெலிகொம் வாடிக்கையாளர்களின் சுமார் 9 லட்சம் ரவுட்டர்கள் ஒரு தாக்குதலில் செயலிழந்தன. 2018இல் ‘விபிஎன்ஃபில்டர்’ என்ற தீய மென்பொருள் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளுக்குள் புகுந்திருந்தது. ஓட்டையை அடைப்பது அப்டேட்தான். கரண்ட் போகாத நேரம் பார்த்துச் செய்வதே முக்கியம். பாதியில் மின்சாரம் நின்றால் ரவுட்டர் பயனற்றுப் போகலாம். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய சின்ன யூபிஎஸ் வீட்டில் கிடந்தால், அதற்கு இது நல்ல வேலை.

அப்டேட்டுக்கு முன் செட்டிங் பக்கங்களை போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பழைய பேக்கப் கோப்பை ஏற்றுவதைவிட அந்தப் படங்களைப் பார்த்துப் புதிதாகப் போடுவது பாதுகாப்பானது. பிறகு ஃபாஸ்ட்.கொம் தளத்தில் கூடுதல் விவரத்தைத் திறந்தால் லைன் சும்மா இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் எவ்வளவு தாமதம் என்று தனித்தனியாகக் காட்டும். முதலாவது 30 மில்லி நொடி, இரண்டாவது 600 மில்லி நொடி என்றால் பெக்கேஜை மாற்ற வேண்டியதில்லை. கியூஓஎஸ்ஸைத் திறந்து, உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை எல்லையாகப் போட்டு மீண்டும் அளந்து பார்க்கலாம். பைபர் லைனில் இது நன்றாகப் பிடிக்கும். 4ஜி ரவுட்டரில் கடினம். இரவில் டவர் நிறைந்து வேகம் பாதியாகும்போது பகலில் போட்ட எல்லைக்கு அர்த்தமில்லை. அங்கே இரவு வேகத்தை அளந்து அதன்படி எல்லை போடுவதே நியாயம். மாடியில் இரண்டாவது ரவுட்டர் வைத்து அதில் மட்டும் கியூஓஎஸ் போட்டவர்கள், கீழே நிறுவனத்தின் பெட்டியிலுள்ள வைஃபையில் யாரும் நேரடியாகச் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்பவர் இந்தப் பங்கீட்டுக்கு வெளியே நிற்பார்.

இவ்வளவும் ஒரு வீட்டுக்காரர் தானாகக் கற்க வேண்டியதா? நிறுவனங்கள் தொலைவிலிருந்தே ரவுட்டரைப் புதுப்பிக்க முடியும். டிஆர்-069 என்ற முறை அதற்காகவே இருக்கிறது. தொலைவிலிருந்து மாற்றத் தெரிந்தவர்கள், மாற்றப்போவதாக ஒரு தமிழ் எஸ்எம்எஸ் அனுப்பவும் வேண்டும். எது மாறியது, எது ஆலைநிலைக்குப் போனது என்று அதில் இருக்க வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. ஆனாலும் ரவுட்டர் பெட்டிக்குள் வரும் தாளைத் தமிழ் மட்டும் அறிந்த ஓர் உம்மாவால் வாசித்துப் புரிந்துகொள்ள முடிவதில்லை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் தொழில்நுட்பவியல் பீடமும் இருக்கின்றன. இப்பகுதியில் அதிகம் பாவிக்கப்படும் நான்கைந்து ரவுட்டர்களுக்கு அங்குள்ள மாணவர்கள் ஒரு தமிழ் வழிகாட்டி எழுதினால் அம்பாறைக் கரை முழுவதும் பயன்படும்.

அதுவரை, தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்கு முறையிடுபவர்கள் ‘இன்டர்நெட் ஸ்லோ’ என்று மட்டும் சொல்லாமல், பேர்ம்வெயார் பதிப்பு, அது மாறிய திகதி, லைன் சும்மா இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் உள்ள தாமதம் ஆகியவற்றை எழுதிவைத்துக்கொண்டு பேசட்டும். அப்படிப் பேசுபவரிடம் பெரிய பெக்கேஜ் எடுங்கள் என்று பதில் சொல்லி அனுப்பிவிட முடியாது.