மயிரிழையில் நகரும் பாறை

ஸ்லோவேனியா நாட்டின் போஸ்டோய்னா குகைக்குள் 1872இலேயே தண்டவாளம் போட்டுவிட்டார்கள். இன்றும் பயணிகள் குட்டி ரயிலில் உள்ளே போய், கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புக் கூம்புகளைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்கள் கண்ணில் படாத இடத்தில் 2004இல் இரண்டு கருவிகள் பொருத்தப்பட்டன. அவற்றின் வேலை, பாறை நகர்கிறதா என்று பார்ப்பது.

நகரக் காரணம் இருக்கிறது. ஏட்ரியாட்டிக் கடலைத் தாங்கும் நிலத்தட்டு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் ஐரோப்பாவை வடக்கு நோக்கி நெருக்குகிறது. அந்த நெருக்கடியில் நிலப்பிளவுகள் அவ்வப்போது நழுவுகின்றன. 1511இல் இந்த வட்டாரத்தையே பெரும் பூகம்பம் குலைத்துப் போட்டது. 1998இலும் 2004இலும் சோச்சா ஆற்றின் மேல் பள்ளத்தாக்கு அதிர்ந்தது.

டிஎம் 71 என்ற இக்கருவியைச் செக்கோஸ்லோவாகியாவில் உருவாக்கியவர் பிளாஹோஸ்லாவ் கோஷ்டாக். பிளவின் இரு பக்கச் சுவர்களிலிருந்தும் உலோகத் தண்டுகள் நீண்டு வருகின்றன. அவற்றின் முனைகளில், நுண்கோடுகள் பொறித்த கண்ணாடித் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. கொசுவலையை இரண்டாக மடித்துப் பார்த்தால் அலை அலையாக ஒரு கோலம் தெரியும். வலை சற்று விலகினாலும் கோலம் முழுதும் மாறும். இங்கும் அதே சங்கதிதான். கோலத்தைப் படமெடுத்துக் கணக்கிட்டால் மூன்று திசைகளிலும் 0.01 மில்லிமீட்டர் நகர்வுவரை தெரிந்துவிடும். தலைமுடியின் தடிமன்கூட இதைவிடப் பல மடங்கு அதிகம்.

இதற்குக் குகை எதற்கு? வெளியே வெயிலில் பாறை விரியும், குளிரில் சுருங்கும். உண்மையான நகர்வு அதில் மறைந்துபோகும். குகையின் ஆழத்திலோ ஆண்டு முழுவதும் வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரிதான். பிளவும் மண் மூடாமல் கண்ணெதிரே கிடக்கிறது.

முதல் சில ஆண்டுகளில் பதிவானது ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கு. அதுவும் சீராக அல்ல. சில காலம் சும்மா இருக்கும், பிறகு அசையும், சில வேளை வந்த வழியே திரும்பும்.

நாளை பூகம்பம் வருமா என்று இக்கருவி சொல்லாது. எந்தப் பிளவு உயிரோடு இருக்கிறது, எது உறங்குகிறது என்று சொல்லும். கிர்ஷ்கோவில் அணுமின் நிலையம் வைத்திருக்கும் நாட்டுக்கு அது சிறிய விஷயமல்ல. ஆனால் அந்தப் பதிலுக்குப் பல ஆண்டுப் பதிவுகள் வேண்டும். இடையில் விட்டுப்போன ஆண்டுகளை எந்தக் கருவியாலும் பிறகு அளந்துகொள்ள முடியாது.