கொட்டகைக்கு ஒரு விளக்கு போட்டால் குற்றமா?



அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1994-லிருந்து ஓடுகிறது. 2024-ல் இன்னொரு 800 மெகாவாட்டும் திறந்தாச்சு. சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக்கு, கரண்ட் ஊருக்கெல்லாம். அந்தப் புகைபோக்கி தெரிகிற மீஞ்சூர் பக்கத்திலேயே, மாடு கன்று ஈனுகிற ராத்திரியில் நாம் டார்ச் அடித்துக்கொண்டு நிற்கிறோம்!

வீட்டு மீட்டரிலிருந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கொட்டகைக்கு ஒயர் இழுத்தால் 2003 மின்சாரச் சட்டம் 126-வது பிரிவு பாய்கிறது. அனுமதித்த இடத்துக்கு வெளியே உபயோகித்தோமாம், இரு மடங்கு கட்டணமாம். எந்தத் தேதி முதல் என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்கு! மீட்டரில் ஓடின யூனிட்டுக்குப் பைசா பாக்கியில்லாமல் கட்டியவன் யாரை ஏமாற்றினான்?

இலவச மோட்டார் இணைப்பிலேயே கிலோவாட்டுக்கு 50 வாட், அதிகபட்சம் 150 வாட் விளக்குக்குக் கட்டண உத்தரவில் இடம் இருக்கிறது. காசு கட்டுகிற வீட்டு இணைப்புக்கு அந்தச் சலுகை ஏன் இல்லை?

நம்ம பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறோம். வேப்பமரத்தில் கட்டின ஒட்டுப்போட்ட ஒயர், தகரக் கூரை, கோமியம் ஊறின தரை. மனுஷன் தாங்குகிற ஷாக்கை மாடு தாங்காது. அனுமதியை முறையாகக் கொடு. எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி.யும் நாங்களே போடுகிறோம்.

அதுவரை யார் மிரட்டினாலும் நின்ற இடத்தில் பணம் கொடுக்காதீர்கள். உத்தரவை எழுத்தில் கேளுங்கள், ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள். இறுதி உத்தரவு மேல் 30 நாளுக்குள் 127-வது பிரிவில் அப்பீல் உண்டு. அதற்கும் பாதித் தொகையை முன்னாலேயே கட்டணுமாம், அது தனி அநியாயம்! நோட்டீஸ் வந்தவர்கள் கையோடு எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள்.