படகை வாங்காதேங்கோ, செய்யுங்கோ

றிமோட்டில் ஓடும் படகு ஒன்று வேணும் என்று வீட்டிலே கேட்டால் என்ன நடக்கும்? அப்பாவோ அம்மாவோ போனை எடுப்பார்கள். ஐந்து நிமிடத்தில் ஓடர் போட்டு முடிந்துவிடும். சில நாளில் பெட்டி வாசலுக்கு வந்துவிடும். பற்றறி போட்டால் படகு ஓடும். நல்ல விஷயம்தானே?

நல்ல விஷயம்தான். ஆனால் என்னுடைய கருத்து வேறு. றேடியோவையும் பற்றறியையும் கடையில் வாங்கலாம். படகின் உடம்பை மட்டும் நீங்களே மரத்தில் செய்ய வேண்டும். ஏன் என்று சொல்லுறன், கேளுங்கோ.

நான் சொல்வது போட்டிக்கு ஓடும் சின்னப் பாய்ப்படகு. ‘ஆர்ஜி 65’ என்று ஒரு வகுப்பு இருக்கிறது. இதில் படகின் உடம்பு 65 சென்ரிமீற்றர் நீளம். வழக்கமான பாய்களின் பரப்பு 2250 சதுர சென்ரிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. உடம்பின் வடிவத்தை நீங்களே யோசித்துச் செய்யலாம். காற்றுதான் எஞ்சின். உங்கள் கையில் இருக்கும் றிமோட் இரண்டு வேலை மட்டும் செய்யும். ஒன்று, படகைத் திருப்புகிற சுக்கானை அசைக்கும். மற்றது, பாயின் கயிற்றை இழுக்கும், விடும்.

இதே நீளத்தில் பெட்டியில் வருகிற பிளாஸ்டிக் படகும் உண்டு. அவுஸ்திரேலியாவில் நிறையப் பேர் அதை வைத்துப் போட்டி ஓடுகிறார்கள். “எல்லாரிடமும் ஒரே மாதிரிப் படகு இருந்தால்தான் யார் கெட்டிக்காரர் என்று தெரியும்” என்பார்கள். அது நியாயமான பேச்சு. ஆனால் அந்தப் படகின் அடிப்பக்கம் ஏன் அப்படி வளைந்திருக்கிறது என்று கேட்டால், பதில் சொல்ல ஆள் இல்லை. மரத்தில் செய்த பிள்ளையிடம் பதில் இருக்கும்.

செய்யும் விதத்தைப் பாருங்கோ. முதலில் கடதாசியில் ஏழெட்டு வடிவங்கள் வரைய வேண்டும். பாணைத் துண்டு துண்டாக வெட்டுவது போல, படகைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவங்கள் அவை. அவற்றை மெல்லிய பிளைவுட்டில் ஒட்டி, சின்ன வாளால் அரிந்து எடுங்கோ. இவைதான் படகின் விலா எலும்புகள். பிறகு ஒரு நேரான பலகையில் அவற்றைத் தலைகீழாக நிறுத்துங்கோ. ஓம், படகு தலைகீழாகத்தான் பிறக்கும்! இந்தப் பலகை வளைந்திருந்தால் படகும் வளையும்.

அடுத்தது பால்சா மரம். மெல்லிய நீளப் பட்டிகளாக வெட்டி, விலாக்களின் மேலே ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். பால்சா தென் அமெரிக்காவில் வளரும் மரம். நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும், அவ்வளவு மென்மை. ஆனால் மர வகையில் அதற்கு ‘ஹார்ட்வுட்’ என்று பெயர்! அகலமான இலை உள்ள மரம் என்பதால் அந்தப் பெயர்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இடது பக்கம் ஒரு பட்டி ஒட்டினால், அடுத்ததை வலது பக்கம் ஒட்டுங்கோ. ஒரே பக்கத்தில் ஐந்தாறு பட்டி ஒட்டினால், அவை இழுத்து படகையே முறுக்கிவிடும். முறுக்கிய படகு நேராக ஓடாது. நான் கம்பியூட்டர் புரோகிராம் எழுதுகிற ஆள். என் வேலையில் பிழை விட்டால் ஒரு பட்டனை அழுத்தி முன்பு இருந்த இடத்துக்குப் போகலாம். மரத்தில் அந்தப் பட்டன் இல்லை. அதனால் வெட்டுவதற்கு முதல் இரண்டு தரம் அளக்கிற பழக்கம் தானாக வரும். இதை நான் எந்த ஸ்கிரீனிலும் காணவில்லை.

படகுக்குக் கீழே ஒரு நீளமான தகடு தொங்கும். தமிழில் அதற்கு ஏரா என்று பெயர். அதன் நுனியில் ஒரு ஈயக் குண்டு இருக்கும். காற்று பாயைத் தள்ளிச் சாய்க்கும்போது, இந்தப் பாரம் படகை நிமிர்த்தும். எவ்வளவு பாரம் தெரியுமா? ஒரு மீற்றர் நீளப் போட்டிப் படகு குறைந்தது 4 கிலோ இருக்க வேண்டும் என்பது விதி. அதிலே 2.2 முதல் 2.5 கிலோ வரை ஏராவிலும் குண்டிலும்தான்! படகின் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் ஒளிந்திருக்கிறது.

ஏரா சின்ன விஷயம் என்று நினைக்காதேங்கோ. 1983இல் ‘அவுஸ்திரேலியா 2’ என்ற படகு அமெரிக்கக் கிண்ணத்தை 4-3 என்று வென்றது. 132 வருடமாக அமெரிக்காவிடம் இருந்த கிண்ணம் அது. வெற்றிக்கு முக்கிய காரணம், சிறகு வைத்த ஏரா. போட்டி முடியும் வரை அதைத் துணியால் மூடி மறைத்தார்கள். அந்த ஏராவை முதலில் நெதர்லாந்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியில் சோதித்தார்கள். எதை வைத்து? உண்மைப் படகில் மூன்றில் ஒரு பங்கு அளவான மாதிரிப் படகை வைத்து. பெரியவர்களும் முதலில் சின்னப் படகுதான் செய்தார்கள்.

“படகு கட்டுவது வெள்ளைக்காரரின் விளையாட்டு” என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். இலங்கையின் வடக்கே வல்வெட்டித்துறை என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கே கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அந்த ஊர் மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு அத்திலாந்திக் கடலைத் தாண்டி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மரமும் பாயும் காற்றும்தான். சிட்னியில் இருக்கிற பிள்ளைகள் பரமற்றா ஆற்றில் ‘ரிவர்கட்’ ஃபெரியில் போயிருப்பீர்கள். அது ‘கற்றமறான்’ வகை. அந்த ஆங்கிலச் சொல் எங்கட ‘கட்டுமரம்’ என்ற சொல்லில் இருந்து போனது.

அதனால் வேலை செய்யும்போது பாகங்களைத் தமிழிலேயே சொல்லுங்கோ. முன்பக்கம் அணியம். பின்பக்கம் கடையார். பாயைத் தாங்குவது பாய்மரம். புத்தகத்தில் பாடமாக்கின சொல் பரீட்சை முடிய மறந்துபோகும். “அணியத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்கோணும்” என்று கையில் சாண்ட் பேப்பரோடு சொன்ன சொல் அப்படிப் போகாது.

இனி அப்பாமாருக்கும் அம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளே, இந்தப் பகுதியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கோ. கூரான கத்தி, ஈயம், எபொக்சி பசை, இந்த மூன்றும் பெரியவர்களின் வேலை. எபொக்சி பூசும்போது கையுறை போடுங்கோ, ஜன்னலைத் திறந்து வையுங்கோ. மற்றதெல்லாம் பிள்ளையின் வேலை. பட்டி கொஞ்சம் கோணலாக இருந்தால் இரவில் களவாக எழும்பி நேராக்க வேண்டாம்! பிள்ளை செய்த படகு மெதுவாக ஓடினால் ஓடட்டும். அப்பா செய்த படகு முதலாவதாக வந்தால், பரிசு அப்பாவுக்கு. பிள்ளைக்கு என்ன?

“டியூஷன் இருக்கு, தமிழ்ப் பள்ளி இருக்கு, நேரம் எங்கே?” என்று கேட்பீர்கள். ஒரே நாளில் முடிக்கச் சொல்லவில்லை. பசை காயவே நேரம் எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் போதும். மெல்பேர்ண் குளிர்காலத்தில் வெளியே என்ன செய்யப் போகிறோம்? வசந்தம் வரும்போது படகு தயாராக இருக்கும்.

றேடியோவைக் கடைசியாகப் பொருத்துங்கோ. றேடியோவால் படகை ஓட்டுவது 1898இலேயே நடந்தது. நிக்கோலா டெஸ்லா நியூயோர்க்கில் ஒரு தொட்டியில் சின்னப் படகை ஓட்டிக் காட்டினார். உள்ளே ஒரு குரங்கு இருந்து ஓட்டுகிறது என்று சிலர் சொன்னதாக ஒரு கதை உண்டு.

ஏரியில் விடுவதற்கு முதல், அங்கே மாதிரிப் படகு ஓடலாமா என்று கவுன்சிலிடம் கேளுங்கோ. சில இடங்களில் மோட்டர் படகுக்கு அனுமதி இல்லை. பாய்ப்படகு சத்தம் போடாது, அதனால் பிரச்சினை குறைவு. படகின் பெயரைக் கடையாரில் தமிழ் எழுத்தில் எழுதுங்கோ. என்ன பெயர் என்று மட்டும் அப்பாவிடம் கேட்காதேங்கோ.