முகூர்த்தம் ஒன்றரை மணி, மேடை மூன்றரை மணி

கல்யாணத்துக்குப் புகைப்படக்காரரைப் பேசி முடிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “ஆல்பத்துல எத்தனை ஷீட்டு?” அவரும் ஷீட் கணக்கிலேயே பதில் சொல்கிறார். இரண்டு ஆல்பம், 40 ஷீட், மேசைக் காலண்டர், சுவரில் மாட்ட ஒரு ஃபிரேம், டிரோன் இலவசம். கொட்டேஷனில் ஏறுவதெல்லாம் பொருள்கள். அவர் விற்பதோ நேரம். அதற்கு அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. மண்டபத்தில் வருகிற மனத்தாங்கல்களில் பாதி இங்கே தொடங்குகிறது என்பேன்.

வரவேற்பை எடுத்துக்கொள்வோம். பத்திரிகையில் 6.30 மணி. ஒப்பனை முடிந்து பெண் மேடை ஏறும்போது ஏழே கால். 800 பேர் வருகிறார்கள். நாலு நாலு பேராக ஏறினாலும் 200 குழு. படியேற வேண்டும், கவரைக் கொடுக்க வேண்டும், சித்தப்பா எந்தப் பக்கம் நிற்பது என்று தீர்மானிக்க வேண்டும், கண்மூடிய குழந்தைக்காக இன்னொரு முறை ‘இங்க பாருங்க’ சொல்ல வேண்டும். கஞ்சத்தனமாகக் குழுவுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் மூன்று மணி இருபது நிமிடம். மணி 10.35. மணமக்களைத் தனியே நிறுத்தி எடுக்கும் படங்களுக்கு அதற்குப் பிறகுதான் வேளை வருகிறது. அப்போது பெண்ணுக்குக் கால் கடுக்கிறது, மாப்பிள்ளைக்குப் பசி, மண்டபத்தில் ஒவ்வொரு விளக்காக அணைகிறது. மறுநாள் முகூர்த்தம் 4.30 முதல் 6 வரை; படக்குழு மூன்று மணிக்கு எழுந்தாக வேண்டும். இன்ஸ்டாகிராமில் பார்த்த மாதிரி கேண்டிட் படம் வரவில்லையே என்று பிறகு குறைப்படுகிறவர்கள், அந்த மேடை வரிசையைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

காலையில் கதை தலைகீழ். முகூர்த்தம் ஒன்றரை மணி என்றாலும் தாலி ஏறுவது சில நொடி. கெட்டிமேளம் கேட்டதும் அட்சதை பறக்கும். கைபேசிகள் முன்னால் உயரும். பின் முடிச்சுப் போட நாத்தனார் குனிவார், ஃபிரேம் முழுக்க அவர் முதுகு. தேர்ந்தவர்கள் முன்கூட்டியே ஐயரிடம் சொல்லிவைப்பார்கள்: “சாமி, தாலிய எடுத்துக் குடுக்கறப்ப கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்துக்குங்க.” எதிர்ப்பக்கம் இன்னொரு கேமராவை நிறுத்துவார்கள். பேரம் பேசும்போது முதலில் வெட்டு விழுவதும் அந்த இரண்டாவது ஆளின் கூலிக்குத்தான்.

விலையை ஏற்றிச் சொன்னால் ‘கல்யாணம்னா கொள்ளையடிக்கிறாங்க’ என்கிறோம். முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறினால் முகம் சுளித்தாவது வாங்கிவிடுகிறோம். பூக்காரரைக் கொள்ளைக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. புகைப்படக்காரரின் நிலையும் அதுதான். ஆடியும் மார்கழியும் போயிற்று, பலருக்குப் புரட்டாசியும் போயிற்று. மிச்ச மாதங்களில் வளர்பிறையோடு ஞாயிறும் சேர்ந்து வந்தால் ஊரே அந்த ஒரு நாளைக் கேட்கிறது. முகூர்த்தம் பார்க்காத சுயமரியாதைத் திருமணங்களும் விடுமுறை நாளைத்தானே தேடுகின்றன! அன்றைக்கு ஒரு வீட்டுக்கு ‘சரி’ என்றால் நாலு வீட்டுக்கு ‘இல்லை’ என்று அர்த்தம். ஆனாலும் பல ஸ்டுடியோக்கள் வருடம் முழுக்க ஒரே விலை வைத்து, ஆவணி ஞாயிறில் திணறி, ஆடியில் வாடகை கட்டத் தவிக்கின்றன. இதில் தவறு அவர்களுடையதுதான்.

கருவியும் தேய்கிறது. நல்ல டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றின் ஷட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் கிளிக் வரை ஆயுள் சொல்வார்கள். 36 படச் சுருளை அளந்து எடுத்த காலம் போய், இன்று ஒரு கல்யாணத்துக்கு 4,000 கிளிக் சாதாரணம். நாற்பது, ஐம்பது கல்யாணத்தில் அந்த ஆயுள் முடிகிறது. அந்த 4,000 படங்களிலிருந்து ஆல்பத்துக்கு இருநூறைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் வீட்டார். அவர்கள் உட்கார மாட்டார்கள். பாக்கித் தொகையோ ஆல்பம் கொடுக்கும்போதுதான் கைக்கு வரும். வளைகாப்புக்கு ஆர்டர் கொடுக்க வந்தபோதுதான் கல்யாண ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தார்கள் என்பது இந்தத் தொழிலில் வெறும் நகைச்சுவை இல்லை.

எழுத்தில் ஒப்பந்தம் போடாததால் இன்னொரு நஷ்டமும் உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவரே. தன் விளம்பரத்துக்கு அந்தப் படங்களைப் போட நினைக்கும் ஸ்டுடியோக்காரர் அதை முன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டும். வாய்வார்த்தையில் முடிகிற கல்யாணங்களில் யார் எழுதுகிறார்கள்?

எனக்குத் தெரிந்த ஒருவர் கொட்டேஷனை மணி வாரியாகக் கொடுக்கிறார். மேடை வரிசை தொடங்கும் முன் முக்கால் மணி மணமக்களின் தனிப்படங்களுக்கு. குடும்பப் படங்களுக்குப் பெயர்ப் பட்டியல். ஆட்களைக் கூட்டிவர இரு வீட்டிலும் தலா ஒருவர். இரவு 10.30க்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் தனித்தொகை. படம் தேர்வு செய்ய 30 நாள். தாண்டினால் பாக்கியைத் தீர்த்துவிட வேண்டும். கடைசி வரி: ‘குழுவினர் சாப்பிட அரை மணி நேரம்.’ பெண்ணின் அப்பா அந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்து, “இதெல்லாமா தம்பி எழுதுவீங்க, நம்ம வீட்டுக் கல்யாணம்” என்பாராம். அப்படிச் சொன்ன வீடுகளில் அவருக்குக் கிடைத்தது, இலை எடுத்து, சாம்பார் அண்டாவைக் கழுவப் போட்ட பிறகு, மிஞ்சிய ரசம் சாதம்.