பொம்மைக்கு வலிக்காது

என்னிடம் படித்து டாக்டரானவர்களில் இரண்டு பேர் இப்போது மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறார்கள். இது முக்கியமாக அவர்களுக்கு.

மகப்பேறு செய்முறைத் தேர்வில் குழந்தைப் பொம்மையையும் இடுப்பெலும்பையும் கொடுத்து, தலை எப்படித் திரும்பி இறங்குகிறது என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் பொம்மைக்கு வலியும் இல்லை, கூச்சமும் இல்லை.

பிரசவ வலியின் முதல் கட்டத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்பரிசோதனை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல். மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தால் வலியும் கூடும், கிருமித்தொற்று அபாயமும் கூடும். எங்கள் உறவுப் பெண் ஒருத்தி சொன்னாள்: "எத்தனை பேர் பார்த்தாங்கன்னே தெரியல அத்தை. ஒருத்தர்கூட பேர் சொல்லல."

தொட்டுப் பார்க்காமல் எப்படிக் கற்பது என்பீர்கள். நியாயம். முதலில் மாதிரி உருவத்தில் கை பழகட்டும். பிறகு, எப்படியும் செய்தாக வேண்டிய அந்த ஒரு பரிசோதனையை, டாக்டரோ அனுபவமுள்ள நர்ஸோ பக்கத்தில் நிற்க, ஒரே ஒரு மாணவர் அவளிடம் கேட்டுச் செய்யட்டும். வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளட்டும்.

2019இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசும் முறைக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. அதற்கும் பொம்மைக்குச் சமமாகச் செய்முறைத் தேர்வில் மார்க் வையுங்கள். மார்க் இல்லாததைப் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். (நீங்களும் அப்படித்தான் படித்தீர்கள்!)

அந்த இரண்டு பேரும் கீழே பதில் எழுதுங்கள்: உங்கள் வார்டில் இப்போது அனுமதி கேட்பது யார்?