நீச்சல் தடாகம்: சலுகையா, உரிமையா?

மேற்கே கடல், கிழக்கே களப்பு, நடுவே கற்பிட்டி. இம்மண்ணின் பிள்ளைகள் நீந்தப் பழகப் பொதுத் தடாகம் வேண்டுமென்றால், "கடலிருக்கத் தடாகம் எதற்கு?" என எள்ளி நகையாடுவோர் உளர். சோழகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கடல் கொந்தளிப்பதை அறியாதார் பேச்சு இது! நீந்தத் தெரிந்தவனுக்கே கடல் களம், தெரியாதவனுக்குக் காலன்.

உல்லாசப் பயணத்துறைக்கென 14 தீவுகளை அளந்து திட்டமிட்ட அரசு, ஊர்ப் பிள்ளைகளிடமும் அவ்வக்கறையைக் காட்டவேண்டாமா? விடுதித் தடாகம் விருந்தினருக்கு. வேலிக்கு வெளியே நிற்பது ஊரவருக்கா?

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், மக்களின் சுகத்தையும் வசதியையும் நலனையும் பேணும் பொறுப்பைச் சபைகள்மீது சுமத்தியுள்ளது. இது சலுகையன்று, கடமை!

கட்டுவதிலும் நடத்துவதே பெரும்பாடு என்பதை நாமறிவோம். நீரைச் சுத்திகரிக்கவேண்டும், உயிர்காப்பாளருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். அதற்காகக் குத்தகைக்காரனிடம் சாவியை ஒப்படைத்தால், நுழைவுக் கட்டணமே புது வேலியாகிவிடும். குளத்து நீரை முறைவைத்துப் பங்கிடும் உழவருக்கு இது புரியாததா? மாணவருக்கு ஒரு நேரம், பெண்களுக்கு ஒரு நேரம், ஏழைக்குக் கட்டண விலக்கு, தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல், ஆண்டுதோறும் ஊரறியக் கணக்கு: இவையே நாம் கோரும் முறை.

தமிழ் பேசும் மக்களே! வாக்குக் கேட்டு வருவோரிடம் இதனைக் கேளுங்கள். வரி நம்முடையது, வாயிலும் நம்முடையதாகட்டும்!